எதிரொலியை ஆளும் கருவி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்லும்போது, திரிசூலம் நிலையத்தருகே குன்றுகளைக் கண்டிருப்பீர்கள். உங்கள் கையிலுள்ள செல்பேசிக்கு அக்குன்றுகள் வெறும் காட்சியல்ல. கோபுரத்திலிருந்து புறப்பட்ட வானலை நேராகவும் வந்து சேர்கிறது. குன்றில் மோதித் திரும்பியும் வந்து சேர்கிறது. சுற்றி வந்த அலை 600 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால் இரண்டு மைக்ரோசெகண்டு பிந்தும். அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு செய்தால் அதில் இரண்டு கூறு. இதுவும் ஒரு தாமதமா என்று நகைக்க வேண்டா. வினாடிக்குப் பத்து லட்சம் குறிகளை அனுப்பினால், முதற்குறியின் எதிரொலி மூன்றாங்குறியின் தலையில் விழுகிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் உருவத்தின் அருகே மங்கலாக இன்னோர் உருவம் தெரிந்ததும் இதனால்தான்.

இக்கலப்பை நீக்கும் கருவியே ஈக்வலைசர். தமிழில் சமனாக்கி எனலாம். அது வந்த அலையின் பிரதிகளைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறது. எண்கள் சரியாக அமைந்தால் எதிரொலி கழிந்துவிடும். அவ்வெண்களை யார் சொல்வது? கருவியே கற்றுக்கொள்கிறது. இருபுறமும் முன்பே அறிந்த சில குறிகள் முதலில் வருகின்றன. விடையிலுள்ள பிழையைக் கண்டு, எண்களைச் சற்றே திருத்தி, மறுபடி பார்க்கிறது. இவ்வாறு திருத்துவதற்கு ஓர் எளிய விதியை 1960-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் விட்ரோவும் ஹாஃபும் வகுத்தனர். 1965-இல் பெல் ஆய்வுக்கூடத்து ராபர்ட் லக்கி, தொலைபேசிக் கம்பிகளுக்கான தானியங்கிச் சமனாக்கியை விளக்கினார்.

இவர்களுக்கெல்லாம் எதிரொலி பகையே. அதனை நட்பாக்கியவர் பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படைக்குச் சோனார் கருவி அமைத்துத் தந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். தாமஸ் கைலாத்துடன் 1992-இல் அவர் காப்புரிமை கோரிய கருத்து இது: இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இருவேறு செய்திகளை அனுப்பட்டும். பெறும் ஆன்டெனாக்கள் இரண்டும் கலவையையே கேட்கும். தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. பள்ளியில் நீங்கள் போட்ட கணக்கேயன்றோ! ஆனால் சமன்பாடுகள் இரண்டும் ஒன்றுபோலிருந்தால் விடை வராது. வெட்டவெளியில் பெரும்பாலும் அப்படித்தான் நேரும். குன்றும் மாடிவீடும் அலைகளைச் சிதறடிப்பதாலேயே சமன்பாடுகள் வேறுபடுகின்றன. பல்லாவரத்து நெரிசல் இங்கே உதவிக்கு வருகிறது.

கணக்கு எளிது, அவகாசந்தான் இல்லை. ஆன்டெனாக்கள் இருமடங்கானால் தீர்க்கும் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. ஐந்தாம் தலைமுறைத் தொடர்பில் 100 மெகாஹெர்ட்ஸ் பட்டை 3,276 துணை அலைகளாகப் பிரிகிறது, ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தாலே கலவை மாறிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்கு அது இரண்டரை மில்லிசெகண்டு. ஆகவே ஒரே பொழுதில் ஆயிரக்கணக்கான பெருக்கல்களை நடத்தும் தனிச்சில்லுகள் வேண்டியிருக்கின்றன.

இத்தகைய கருவிகளைச் செய்த நம் இளம் நிறுவனங்கள், அவற்றைச் சோதிக்க வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த சோதனைக் களம் 17.5.2022 அன்று திறக்கப்பட்டது. தாம்பரத்தில் ஏறிய அதே ரயிலிலிருந்து கிண்டியில் இறங்கினால், அந்த ஐ.ஐ.டி. அதிகத் தொலைவில் இல்லை.