வீடு நமது, மண் யாருடையது?



“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கும் வரையில்தான் அந்த வீடு. சொந்த வீடு ஒன்று வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், வீடு சொந்தமாக இருந்தும் இதே கவலையோடு வாழ்கின்ற மக்கள் அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலைமையை இன்று தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் ‘மொபைல் ஹோம்’, அதாவது நடமாடும் வீடு என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி, அடியில் இரும்புச் சட்டமும் சக்கரமும் பொருத்தி, லாரியில் இழுத்து வந்து நிறுத்திவிடுவார்கள். 1930-களில் உல்லாசப் பயணம் போனவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் சென்ற சிறு வண்டியே இதற்கு முன்னோடி. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள், தங்க இடமின்றி அந்த வண்டிகளிலேயே குடியிருந்தார்கள். போர் முடிந்தும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. 1950-களில் வண்டியின் அகலம் கூடி அது வீடாகவே மாறிவிட்டது. 1976-ஆம் ஆண்டு முதல் இவ்வீடுகளைக் கட்டுவதற்கு மத்திய அரசின் விதிகள் நடைமுறையில் உள்ளன. இன்று சுமார் 2 கோடிப் பேர் இத்தகைய வீடுகளில் வசிக்கிறார்கள். சாதாரண வீட்டைக் காட்டிலும் விலை மிகக் குறைவு என்பதால், ஓய்வு பெற்ற முதியவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் இவற்றை நாடுகிறார்கள்.

சிலர் சொந்த நிலத்தில் வீட்டை நிறுத்திக்கொள்கிறார்கள். நிலம் வாங்க வசதியில்லாதவர்கள் ‘பார்க்’ எனப்படும் குடியிருப்பில் ஓர் இடத்தை மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். குடியிருப்புகளை நாம் ‘தாமான்’ என்கிறோமே, அதுபோன்ற பெயர்தான் இதுவும். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். வீடு நிற்கும் மண்ணோ வேறொருவருக்குச் சொந்தம். அவர்களுடைய தொல்லைகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது, பெயருக்குத்தான் அது நடமாடும் வீடு. ஒருமுறை நிறுத்தி, தரையோடு கட்டி, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் இணைத்த பிறகு அதை அசைப்பது எளிதன்று. வேறிடம் கொண்டு போக ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். பழைய வீடாக இருந்தால் வழியிலேயே உடைந்துவிடக்கூடும். பழைய வீடுகளை ஏற்க மறுக்கும் பார்க்குகளும் பல.

இரண்டாவது, வாடகை உயர்வு. வீட்டை நகர்த்த முடியாது என்பது நில உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் வாடகையைக் கூட்டினால் கொடுத்துத்தான் தீர வேண்டும். கொடுக்க இயலாதவர் வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்கிறார், அல்லது அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை வாங்கத் தொடங்கிய பிறகு, பல இடங்களில் இந்தச் சுமை கூடிவிட்டது.

மூன்றாவது, கட்டுப்பாடுகள். புல் எவ்வளவு உயரம் வளரலாம், எத்தனை வாகனம் நிறுத்தலாம், நாய் வளர்க்கலாமா என்றெல்லாம் பார்க் நிர்வாகம் விதி வகுக்கிறது. தன் வீட்டைத் தானே விற்பதானாலும், வாங்க வருகிறவரை நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் நிலக்காரருடையவை. அவர் பழுது பார்க்கத் தாமதித்தால் தவிப்பது குடியிருப்பவர்கள்தாம்.

நான்காவது, கடன். மண்ணோடு சேராத வீட்டை வங்கிகள் பெரும்பாலும் கார் போன்ற அசையும் பொருளாகவே கருதுகின்றன. அதனால் வட்டி அதிகம். தவணைக் காலமும் குறைவு. வீட்டின் விலையும் நிலத்தின் விலையைப் போல உயர்வதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடி, நிலம் விற்கப்படுவதுதான். பட்டணம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியதும், கடைத்தொகுதி கட்டவோ அடுக்குமாடி எழுப்பவோ பார்க்கை விற்றுவிடுகிறார்கள். தோட்டங்கள் கைமாறியதைக் கண்ட நமக்கு இந்தக் கதை புதிதன்று. லயத்து வீட்டின் பின்னால் நம் பணத்தில் சமையற்கட்டு இழுத்துக் கட்டியதும், முன்னால் தகரக் கூரை போட்டதும், வெளியேறச் சொன்னபோது நம்மோடு வரவில்லை அல்லவா? அவர்களுடைய நிலையும் அதுவே.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் மெரிடித் என்னும் ஊரில், 1984-ஆம் ஆண்டு ஒரு சிறு பார்க் விற்பனைக்கு வந்தது. குடியிருந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடன் பெற்று, அந்த நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். அன்று முதல் வாடகையை நிர்ணயிப்பவர்களும் விதி வகுப்பவர்களும் அவர்களே. பின்னர் அதே மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பார்க்குகள் இவ்வாறு குடியிருப்பவர்களின் கைக்கு வந்தன. விற்பதற்கு 60 நாட்களுக்கு முன்பே குடியிருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கே உண்டு. அவகாசம் இருந்தால்தானே ஒன்றுகூடிப் பணம் திரட்ட முடியும்?

இந்த வழியை நம் மக்கள் அதற்கு முன்னரே கண்டிருக்கிறார்கள் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி எனச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தனித்தனியாக நின்றிருந்தால் ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாதவர்கள், சேர்ந்து நின்று ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள்.

ஆகவே, வீடு வாங்கும்போதும் இருக்கும் வீட்டைப் பெருப்பிக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த மண் யார் பெயரில் இருக்கிறது? நாம் குடியிருக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா, வாய்ச் சொல்லில் இருக்கிறதா? நிலம் கைமாறினால் நமக்கு என்ன கிடைக்கும்? நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம். பத்திரம் புரியவில்லையென்றால், படித்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். சுவருக்குச் சாயம் பூசுவதற்கு முன்னால், சுவர் நிற்கும் மண்ணைப் பற்றி விசாரிப்பது நல்லது.