பிரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

எங்கள் திருப்பூர் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடையும் அதுதான். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் டீ நேரத்தில் வந்து, தேங்காய் பன்னும் கையுமாக நின்றுகொண்டு இருப்பார்கள். அந்த ஆம்பிளைக் கூட்டத்துக்குள் புகுந்துதான் நாம் ஒரு பிரெட் வாங்க வேண்டும். அதனாலேயே எங்கள் வீதிப் பெண்கள் பலர் கையை நீட்டி, காசைக் கொடுத்து, கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்துவிடுவார்கள். இது கடைக்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

நான் பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, வயசான மாமியார். முன்பெல்லாம் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குள் பிரெட் வரும். இப்போது வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் அதுதான்.

போன மாசம் மாமியாருக்கு நல்ல காய்ச்சல். வாயில் எதுவும் வைக்க முடியவில்லை, பாலில் நனைத்துக் கொடுக்கலாம் என்று முக்குக் கடையில் 40 ரூபாய்க்கு ஒரு பிரெட் வாங்கி வந்தேன். பிரித்து மூன்றாவது துண்டை எடுக்கிறேன், அடிப்பக்கம் பச்சைப் பசேலென்று பூசணம்! கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடை பேர் பெரிசாக இருக்கிறது, தயாரித்த தேதி எங்கேயும் இல்லை. வாங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, இதைப் பாருங்க"ன்னு காட்டினால், அவர் பாக்கெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "வாங்கிட்டுப் போயி ரெண்டு நாள் வெளியில வெச்சிருப்பீங்க அம்மிணி, இப்பக் கொண்டாந்து நீட்டுனா?" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பில் கிடையாது. நாற்பது ரூபாய் சாமானுக்கு அந்தக் கடையில் யாருக்கும் பில் போட மாட்டார்கள். நல்லவேளை, உள்ளே வேலை செய்கிற பெண்ணே, "இல்லீங்க, அக்கா இப்பத்தான் வாங்கிட்டுப் போனாங்க" என்று சொல்லிவிட்டாள். (அதற்காக அவளுக்கு என்ன திட்டு விழுந்ததோ தெரியாது.) அதற்கப்புறம் வேறொரு பாக்கெட்டைத் தூக்கி மேஜை மேல் போட்டார். அதிலும் தேதி இல்லை. எனக்குப் பிரெட்டே வேண்டாம், காசைக் கொடுங்க என்று வாங்கிக்கொண்டேன். பூசணம் பிடித்ததை மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். "என் கண்ணு முன்னாடியே குப்பைத் தொட்டியில போடுங்க, அப்பத்தான் போவேன்"னு நின்றேன். போட்டார்.

இதைத் தண்ணி பிடிக்கும்போது சொன்னதும் ஆளுக்கு ஒரு கதை எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, "பச்சையா இருக்கிற இடத்தைப் பிச்சுப் போட்டுட்டு மீதியைக் கொடுத்திருக்கலாமே" என்றார். கூடவே கூடாது. பூசணத்தின் வேர் மாதிரியான இழை பிரெட்டுக்குள் ஓடியிருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டில் கண்டாலும் முழு பாக்கெட்டையும் வீசிவிட வேண்டியதுதான். இன்னொருத்தி சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று மாமனாருக்குக் கோதுமை பிரெட் தனியாக வாங்குகிறாள். கவரைக் கொண்டு வரச் சொல்லிப் படித்தோம். சேர்மானத்தில் முதலில் இருப்பது மைதா! எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். பழுப்பு நிறத்துக்குக் கேரமல் சேர்த்திருந்தார்கள். பாவம், ஒரு வருஷமாக அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

கலப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2016-ல் டெல்லியில் சி.எஸ்.இ. என்ற அமைப்பு 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்து, அதில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. மாவு நன்றாக உப்பி வர அதைப் போடுவார்களாம். புரோமேட் புற்றுநோய் வரவழைக்கலாம் என்பதால் அந்த வருஷமே மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. அப்படியிருக்க, தேதிகூடப் போடாத கடை மாவில் எதைப் போடுகிறது என்று நாம் எதை வைத்து நம்புவது?

இப்போது நான் வாங்குவது பத்து நிமிஷம் நடக்கிற தூரத்தில் இருக்கிற இன்னொரு பேக்கரியில். சின்னக் கடைதான், ஐந்து ரூபாய் அதிகம். வீட்டுக்காரர்கூட, "அஞ்சு ரூபாயும் சேத்திக் குடுத்து அவ்வளவு தூரம் நடக்கோணுமா?" என்று கேலி செய்தார். அங்கே இருக்கிற பையன் முதல் நாளே, "அக்கா, இது நேத்துப் போட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தீங்கன்னா புதுசு கிடைக்கும்" என்றான். தன் சரக்கைத் தானே பழசு என்று சொல்கிற கடைக்காரனை நான் பார்த்ததில்லை! நாலு மணிக்குப் போனால், சூடாக இருக்கிறது, ஆனால் வெட்டித் தரவில்லை. "ஆறட்டுங்க்கா, சூட்டோட கவர்ல போட்டா உள்ள வேர்த்துப் போயிரும், சீக்கிரமா பூசணம் புடிச்சுக்கும்" என்றான். முக்குக் கடைப் பிரெட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் லேசாகப் புரிந்தது. ஒவ்வொரு கவரிலும் தேதியைப் பேனாவால் எழுதியாவது வைக்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் வைப்பதைப் பற்றியும் அவனிடமே கேட்டேன். பூசணம் வர நாளாகும், ஆனால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரமே வறண்டு விறைத்துப் போகுமாம். நானும் வைத்துப் பார்த்தேன், உண்மைதான். இரண்டு நாளைக்கு ஆகிற அளவு சின்ன பாக்கெட்டாக வாங்கிக்கொள்வது நல்லது. மிச்சப்பட்டால் காற்றுப் புகாமல் கட்டி, மேலே ஐஸ் வைக்கிற ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது தோசைக்கல்லில் சுட்டுக்கொள்ளலாம்.

முக்குக் கடையைப் பற்றிப் புகார் கொடுக்கலாம் என்று சொன்னபோது எங்கள் வீதியில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். "தினமும் அந்த வழியாத்தானே போகோணும், எதுக்கு வம்பு?" என்றார்கள். அதுவும் நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகம் இருக்கிறது. கடையில் 14 இலக்க உரிம எண்ணை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது. நாங்கள் நாலு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டு, கவரையும் வைத்து மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் விஷயம் எப்படியோ காதுக்குப் போய், இந்த வாரம் முக்குக் கடைக் கவரில் தேதி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அந்தச் சின்னக் கடையில் முந்தின நாள் பிரெட்டைத் தனித் தட்டில் வைத்து, நேற்றையது என்று சொல்லியே பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். பிரெட் உப்புமாவுக்கு அதுதான் சரி. புது பிரெட் தாளிக்கும்போதே குழைந்து களி மாதிரி ஆகிவிடும். துண்டு போட்டுப் பத்து நிமிஷம் ஆறவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதங்கினதும் கடைசியில் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி இறக்கிவிடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

- ஒரு வாசகி, திருப்பூர்.