முடிச்சு விழாத வைக்கோல் இயந்திரம்: எதைத் திருத்தலாம், எதை மாற்ற வேண்டும்?

பெரும்போக அறுவடை முடிந்தபின் வைக்கோலைக் காப்பாற்றக் கிடைப்பது சில நாட்கள்தான். சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்திலேயே குவிந்தது. பக்கத்தில் பட்டடையாக வைத்தார்கள். இன்று அறுவடை இயந்திரம் அதை வயல் முழுவதும் நிரையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு மழை பெய்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த நேரத்தில் கட்டும் இயந்திரம் பழுதாகி நின்றால், பலரும் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பிறகு ஆடி, ஆவணி வரட்சியில் மாட்டுக்கு வைக்கோலைக் காசு கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது.

2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர், இறக்குமதி உதிரிப்பாகங்களைக் கண்டபடி வாங்கி மாற்றிப் பார்க்க முடியாது. ஆனால் பழைய சதுரக் கட்டு இயந்திரம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு சிறிய பாகம்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் கத்தியும் பற்களும் விரைவில் தேய்கின்றன. எது தேய்ந்திருக்கிறது என்பதைக் கட்டைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்.

கட்டு சொல்லும் செய்தி

வைக்கோல் வயலில் எஞ்சிக் கிடந்தால், அள்ளும் பற்கள் உடைந்திருக்கும். இவை மலிவானவை, ஒவ்வொன்றாகவே மாற்றலாம்.

கட்டின் ஒரு பக்கம் வெட்டுப்படாமல் சடைத்து நின்றால், கத்திகள் மழுங்கியிருக்கும். ஒரு கத்தி வைக்கோலை இடித்து அமுக்கும் உலக்கையிலும், மற்றது அறையின் ஓரத்திலும் இருக்கும். தீட்டிய பின், இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்குமாறு சரிசெய்ய வேண்டும். அப்படியும் இடைவெளி குறையாவிட்டால் உலக்கையின் பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கயிறு அவிழ்ந்தால் முடிச்சுப் பகுதியைப் பார்க்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருந்தால், கயிற்றைப் பிடித்து வைக்கும் வட்டின் ஸ்பிறிங் தளர்ந்திருக்கலாம்; ஊசி கயிற்றைச் சரியான இடத்தில் கொடுக்காமலும் இருக்கலாம். முனைகள் பிய்ந்து நூலாகத் தொங்கினால் கயிறு வெட்டும் சிறு கத்தி மழுங்கியிருக்கும். முடிச்சு விழுந்தும் கிளி அலகு போன்ற கொக்கியிலேயே தொங்கி அறுந்தால், கொக்கியில் கயிறு உரசித் தடம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மெல்லிய தடத்தை அரத்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஆழமானால் கொக்கியை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு முடிச்சுப் பகுதிகளில் ஒன்று மட்டும் தவறினால், நன்றாக வேலை செய்யும் மற்றதைப் பார்த்து ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல கைநூல் இல்லை. ஒரு தடவையில் ஒரு திருகாணியை மட்டும் திருகி, ஒரு கட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் செய்யக்கூடியவை

புஷ், தண்டு, சாதாரண இரும்புத் தகடு ஆகியவற்றை ஊர்க் கடைச்சல் பட்டறையிலேயே செய்விக்கலாம். வளைந்த அல்லது உடைந்த ஊசியை ஒட்டிச் சமாளிப்பது ஆபத்து. ஊசி உலக்கையிலுள்ள பிளவுக்குள்ளால் சரியான கணத்தில் போக வேண்டும். சிறிது பிசகினாலும் உலக்கை அதை அடித்து முறிக்கும். சங்கிலியும் பற்சில்லும் சேர்ந்தே தேய்பவை. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

பிளைவீலில் ஒரு போல்ட் இருக்கிறது. பாரம் அளவு மீறினால் முதலில் உடைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி உடைகிறதென்று பலமான போல்ட்டைப் போட்டால், அடுத்து உடைவது கியர்பெட்டியாக இருக்கும். அதே அளவு, அதே தரம்தான் போட வேண்டும். உடைவதற்கான காரணத்தை மழுங்கிய கத்தியிலோ நேரம் தவறிய ஊசியிலோ தேடுங்கள்.

எந்த வேலைக்கும் முன்னர் உழவு இயந்திரத்தை நிறுத்தி, பி.ரி.ஓ. தண்டைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்ற பின்னும் பிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். அது முற்றாக நிற்கும் வரை கை உள்ளே போகக்கூடாது. முடிச்சைச் சோதிக்கப் பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் போதும். அப்போதும் விரல்கள் ஊசிக்கும் கத்திக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்த வேலைகளை அறுவடை தொடங்கிய பின் செய்ய நேரம் கிடைக்காது. மார்கழி மழையில் இயந்திரம் கொட்டிலில் நிற்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. பழைய வைக்கோலைத் துடைத்தெடுத்து, கிறீஸ் போட்டு, நான்கைந்து போல்ட்டுகளையும் ஒரு கொக்கியையும் முன்கூட்டியே வாங்கி வைத்தால், மாசியில் இயந்திரம் வயல் நடுவில் நின்றாலும் அன்றைக்கே திருத்தி ஓட்டலாம்.