ஓடத் தொடங்கியவர்கள் பாதியில் விடுவது ஏன்?

டாக்டர் சொன்னார் என்று புது ஷூ வாங்கி ஓடத் தொடங்கும் பலர், இரண்டாவது வாரத்திலேயே அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சோம்பல் என்று வீட்டில் ஏசுகிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. முதல் நாளே மூச்சிரைக்க ஓடிவிட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள். எவ்வளவு ஓடலாம், எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லித்தர அவர்களுக்கு ஆள் இல்லை.

அந்த ஆளின் வேலையை இணையவழிப் பாடம் செய்ய முடியும். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், தன் தாயாரைப் போன்ற புதியவர்களை மனத்தில் வைத்து 1996-இல் உருவாக்கிய திட்டம் 'கவுச் டு 5கே'. சோபாவில் உட்கார்ந்திருப்பவரைப் படிப்படியாக 5 கிலோமீட்டர் ஓட வைப்பது அதன் நோக்கம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ், 9 வாரத் திட்டமாக இதைக் குரல் பாடங்களாகவும் பிறகு செல்போன் செயலியாகவும் இலவசமாகக் கொடுத்தது.

வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓட்டம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 வினாடி மெதுவோட்டம், 90 வினாடி நடை என 20 நிமிடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எப்போது ஓடுவது, எப்போது நடப்பது என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். கடிகாரம் பார்க்க வேண்டாம். 'நின்றுவிடலாமா' என்று மனத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

பலரும் மிரளுவது ஐந்தாவது வாரத்தில். முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று முறை, அடுத்த நாள் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு முறை, மூன்றாம் நாள் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம்! தாளில் மட்டும் படித்தால் அங்கேயே விட்டுவிடத் தோன்றும். 'இதுவரை ஓடியதே உங்களைத் தயார்படுத்திவிட்டது, வேகத்தைக் குறையுங்கள்' என்று அந்த நேரத்தில் ஒரு குரல் சொன்னால் கால் நிற்காது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும்; எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். ஓய்வு நாள்களைத் தாண்டாதீர்கள் என்று வலியுறுத்துவது அதனால்தான்.

மைதானத்தில் பயிற்சியாளரிடம் போகத் தயங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது நல்ல வசதி. ஃபஜ்ரு தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் இரண்டு பேராகச் சேர்ந்து ஓடலாம். வண்டிச் சத்தம் கேட்க வேண்டும், ஆகவே ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேகத்தையும் தூரத்தையும் ஒப்பிட வேண்டாம். புதியவரை விரட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை. 'இன்றைய பாடம் முடிந்ததா?' என்று மட்டும் கேளுங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம்.

இதயநோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ, காதில் குரல் என்ன சொன்னாலும் உடனே நின்றுவிடுங்கள்.