சாரல் காற்றும் சிலிக்கான் மடையும்

ஆனி, ஆடி மாதங்களில் மேலகரத்தில் நின்று மேற்கே பாருங்கள். மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். முகத்தில் சாரல் அடிக்கும். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாகிறது. அதில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் கிழக்கே சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

காற்று சீராக வீசுவதில்லை. கணத்துக்குக் கணம் மாறும். ஆனால் நம் மின்கம்பிகளில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்னும் தாளத்தை விட்டு விலகக் கூடாது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்கோடு இணைந்தபின் இந்தியா முழுவதற்கும் ஒரே தாளம்தான். தாளமில்லாத காற்றை இதனுடன் எப்படிச் சேர்ப்பது?

தொடக்கக் காலக் காற்றாலைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுழன்றன. காற்றின் ஒவ்வொரு குலுக்கலும் மின்கம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவையான மின்னோட்டத்தை அவை மின்கம்பியிலிருந்தே இழுத்துக்கொண்டன. அப்போது அக்கம்பியின் மின்னழுத்தம் தாழும்.

இங்கேதான் மின்திறன் மின்னணுவியல் உதவிக்கு வருகிறது. பெயர் பெரிது, அடிப்படை உங்கள் வீட்டு மின்விசிறியிலேயே இருக்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டால் சுடும். அதிலுள்ள மின்தடை மின்சாரத்தை வெப்பமாக்கி வீணாக்கியது. இன்றைய சிறிய ரெகுலேட்டர் அவ்வளவாகச் சுடுவதில்லை. அத்தகைய ரெகுலேட்டர்களில் ஒரு வகையில் உள்ள சிலிக்கான் சாவி ஒவ்வோர் அரைச் சுழற்சியிலும் சிறிது நேரம் மூடியிருந்து, பிறகு திறக்கிறது. குளத்து மடையைப் பாதி திறந்து வைப்பதற்குப் பதில், முழுக்க மூடி முழுக்கத் திறப்பது போல. மூடியிருந்தால் மின்னோட்டம் இல்லை. திறந்திருந்தால் சாவியின் குறுக்கே மின்னழுத்தம் மிகக் குறைவு. இரண்டின் பெருக்கற்பலன்தானே திறன்? ஆகவே இரு நிலையிலும் இழப்பு சொற்பம்.

புதிய காற்றாலைகள் பலவற்றில் இத்தகைய சாவிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. மின்னாக்கி தரும் ஒழுங்கற்ற மின்சாரத்தை முதலில் நேர்திசை மின்னோட்டமாக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, 50 சுழற்சி அலையாக மறுபடி அடுக்கிக் கொடுக்கின்றன. இறக்கைகள் காற்றுக்கேற்ற வேகத்தில் சுழலலாம், கம்பிக்குக் கவலையில்லை.

இனி அடுத்த தொல்லை. காற்று பலமாக வீசும் நாளில், அத்தனை மின்சாரத்தையும் ஏற்க வழியின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைத்த பருவங்கள் தமிழ்நாட்டில் உண்டு. வீசுகிற காற்றைச் சேமித்து வைக்க முடியாதே! மிஞ்சியதைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும்.

புகளூரையும் சத்தீஸ்கரின் ராய்கரையும் ஒரு நேர்திசை மின்தடம் இணைக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். மின்னழுத்தம் கூட்டல் கழித்தல் 8 இலட்சம் வோல்ட். திறன் 6,000 மெகாவாட். 2020-21-இல் இயங்கத் தொடங்கியது. இவ்வளவு தொலைவுக்கு மாறுதிசையைவிட நேர்திசையில் இழப்புக் குறைவு. இரு முனைகளிலும் தைரிஸ்டர் என்னும் சிலிக்கான் சாவிகளைத் தொடராக அடுக்கியிருக்கிறார்கள். ஒன்று சில ஆயிரம் வோல்ட்டைத்தான் தாங்கும்.

அச்சாவிகள் திறக்கும் கணத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டால் மின்சாரத்தின் அளவு மாறும். மேலும் தள்ளினால் அது போகும் திசையே மாறும்! வடக்கின் அனல்மின்சாரம் தெற்கே வரவும், பருவக்காற்றின் மிகுதி வடக்கே போகவும் அதே கம்பிகள் போதும்.