சந்தையில் 220, நோட்டில் 380

மீஞ்சூர் கடைத்தெருவில் சாயங்காலம் பாட்டியோடு உட்கார்ந்து இறால் விற்கிறாள், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. 280 ரூபாய்க்கு வாங்கியவர் 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். "இருபது போட்டா முன்னூறு, அதுக்கு மேல எரநூறு. இந்தாங்கக்கா, எரநூத்தி இருபது." விரல்கூட மடக்கவில்லை. அதே கணக்கை வகுப்பில் மேலும் கீழுமாக எழுதிக் கழிக்கச் சொன்னால் அவள் போடும் விடை 380. பூஜ்யத்திலிருந்து 8 போகாது, ஆகவே 8-லிருந்து பூஜ்யத்தைக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று என்றோ சொல்லிக்கொடுத்தது அவள் மனசில் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

இது மீஞ்சூருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் காய்கறியும் விற்ற 5 பிள்ளைகளைப் பற்றி 1985-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வியாபாரத்தின்போது அவர்கள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. அங்கேயும் பிள்ளைகள் மனக்கணக்கில் கூட்டிக் கூட்டித்தான் மீதியைக் கண்டுபிடித்தார்கள். தாளைக் கையில் வாங்கியதும் கடன் வாங்கிக் கழிக்கப் போய்ச் சறுக்கினார்கள்.

ஆசிரியர் பயிற்சி படித்த எவரையும் எழுப்பிக் கேளுங்கள், பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு பருவங்களையும் வயதோடு ஒப்பிப்பார். தகுதித் தேர்வுக்கு அது நிச்சயக் கேள்வி. ஆனால் பியாஜே அந்த ஆராய்ச்சிக்குள் நுழைந்த கதை தேர்வில் வராது; அது இதுபோன்ற தப்புகளில் தொடங்கிய கதை. 1920-ஐ ஒட்டிப் பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணிக் கொடுத்தால் சம்பளத்துக்குப் போதும். அவரோ தப்பான விடைகளில் போய் மாட்டிக்கொண்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்களே, ஏன் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பியதுதான் பிறகு வந்த கோட்பாடு அத்தனையும். நாம் பருவங்களைப் பிடித்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டோம்.

ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துக் கற்பிக்கும் விஷயத்தில் தமிழ்நாடு சோம்பி இருந்ததில்லை. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பாய், அட்டை, ஏணிப்படி, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகை, கம்பிப் பந்தலில் தொங்கிய படங்கள் எல்லாம் பலருக்கு நினைவிருக்கும். அதில் அருமையான ஏற்பாடு, பிள்ளைகளை ஆறு குழுவாக உட்காரவைத்தது. ஆசிரியர் கூடவே இருக்க வேண்டியவர்கள், கொஞ்சம் இருந்தால் போதுமென்பவர்கள், கூடப் படிக்கும் பிள்ளையின் துணையோடு செய்பவர்கள், தானே முடிப்பவர்கள் என்று போகும். ஒருவர் கைகொடுத்தால் எட்டுகிற தூரத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதை இதைவிட எளிதாக ஒரு வகுப்பறைத் தரையில் விரித்துக் காட்ட முடியாது.

இப்போது இருப்பது தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூனில் அது தொடங்கி வைக்கப்பட்டதே நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். பாட்டு, பொம்மலாட்டம், பயிற்சி நூல் என்று நல்லவை நிறைய. என் கவலை வேறு. மதிப்பீடு முடிந்ததும் விடை செயலியில் ஏற வேண்டும். நம் சிறுமியின் 380 அங்கே 'தவறு' என்று ஏறும். அந்த 380 எப்படி வந்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் சர்வரையும் பார்க்கிற ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையை அருகில் கூப்பிட்டு "எப்படிம்மா போட்டே?" என்று கேட்க நேரம் ஏது? அளக்காவிட்டால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அளந்த கையோடு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறோமே. "நீ இன்னும் அரும்புதானா?" என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் சீண்டத் தொடங்கினால், நிலை என்பது பட்டப்பெயராகிவிடும்.

அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வேலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை தமிழில் கேட்ட கணக்குக்கு வாய் திறக்கவில்லை என்றால், அது கணக்குத் தெரியாததாலா, கேள்வி புரியாததாலா? செயலிக்கு இரண்டும் ஒன்றே. பழகிய பொருளை வைத்துக் கேட்டால் விடை மாறலாம். மெக்சிகோவில் ஆய்வாளர்கள் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடம் களிமண்ணை உருட்டியும் நீட்டியும் காட்டி அளவு மாறியதா என்று கேட்டார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் தேர்ந்து சொன்னதாக 1969-இல் எழுதியிருக்கிறார்கள். சூளையடியில் மண்ணோடு வளரும் பிள்ளையிடம் மண்ணை வைத்து நாம் என்ன கேட்டிருக்கிறோம்?

இந்தப் பக்கத்து டீச்சர் ஒருவர் தன் காசில் வாங்கிய 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். தேதி, பிள்ளையின் பெயர், போட்ட தப்பு, கேட்டதற்குச் சொன்ன காரணம், அவ்வளவுதான். "52-ஐ 502-ன்னு எழுதுனான் சார். ஏன்டான்னேன். அம்பதுக்கு அப்புறம் ரெண்டு, சொல்ற மாதிரியே எழுதுனேன் மிஸ்ன்றான். அவன் சொல்றதும் சரிதானே?" என்று சிரிக்கிறார். பார்வைக்கு வருகிறவர்கள் கேட்கும் பதிவேடுகளில் இந்த நோட்டு சேராது. அடுத்த கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் கிடைத்தால், ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலிலும் அது இருக்காது.