உஷார்! விழும்போது கிளவுஸ் கையில் நிற்குமா?

பைக்கிலிருந்து விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை. கை தானாக முன்னே போய்விடும். தாரில் முதலில் தேய்வதும் பெரும்பாலும் உள்ளங்கைதான். இது தெரிந்துதான் பலர் ஹெல்மெட்டோடு ஒரு ஜோடி லெதர் கிளவுஸும் வாங்குகிறார்கள். வாங்கியதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. சென்னை ஜி.பி. ரோட்டில் ஆரம்பித்து ஊர்ப் பக்கத்து ஆக்சஸரீஸ் கடை வரை தொங்கிக்கொண்டிருப்பவற்றில் பல ஜோடிகள், தரையில் பட்ட வேகத்திலேயே கையை விட்டு உருவிக்கொண்டு போகிற ரகம். சட்டம் கேட்பது ஹெல்மெட்டை மட்டும்தான். கிளவுஸைச் சோதிக்க நம்மை விட்டால் ஆளில்லை.

சோதனை ஒரு நிமிட வேலை. கிளவுஸை மாட்டி மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி ஒட்டுங்கள். ஐந்து விரல்களையும் குவித்து நீட்டுங்கள். கூட வந்தவர் அந்த விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, கிளவுஸைக் கழற்றிவிட வேண்டும் என்றே இழுக்கட்டும். பட்டை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம் நகர்ந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டையே இல்லாமல் எலாஸ்டிக் மட்டும் வைத்த கிளவுஸ் இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். பட்டை இருந்தும் சில ஜோடிகள் தோற்கும். பட்டை மணிக்கட்டின் ஒடுங்கிய இடத்தில் உட்காராமல் அதற்கு மேலே கையின் அகலத்தில் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் பிடிமானம் இருக்காது. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஐரோப்பாவில் பைக் கிளவுஸுக்கென்றே இ.என். 13594 என்று ஒரு தரம் இருக்கிறது. இந்த இழுவைச் சோதனை அதிலும் உண்டு. உராய்வைத் தாங்கும் நேரம், தையலின் வலு எல்லாம் பார்த்து 1, 2 என இரண்டு நிலைகளில் சான்று தருகிறார்கள். 2-ஆம் நிலை என்றால் மணிக்கட்டைத் தாண்டிக் குறைந்தது 50 மில்லிமீட்டராவது கிளவுஸ் நீள வேண்டும். விரல் முட்டிக் காப்பும் சோதனையில் தேறியிருந்தால் லேபிளில் ‘கே.பி.’ என்று இருக்கும். அட்டையில் வெறும் ‘சி.இ.’ முத்திரையைக் காட்டி விற்றால் உஷார். உள்ளே தைத்த லேபிளில் 13594 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண் இல்லாத முத்திரைக்கு நான் கூடுதலாகப் பத்து ரூபாய்கூடத் தர மாட்டேன்.

நம் ஆட்கள் மயங்குவது முட்டிமேல் பளபளக்கும் கார்பன் ஃபைபரில். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கிளவுஸைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் பாருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டி ஸ்கேஃபாய்ட் என்றொரு சின்ன எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி முறியும் எலும்புகளில் அதுவும் ஒன்று. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கூடுவதற்கும் மாதக்கணக்கில் இழுக்கும். (விழுந்த பிறகு கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அமுக்கினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் மறுபடி எலும்பு டாக்டரைப் பாருங்கள்.) அந்த இடத்தில் வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக் வில்லை வைத்த கிளவுஸ், கை தாரில் கவ்விக்கொண்டு மடங்காமல் வழுக்கிப் போக உதவும். விலை கொஞ்சம் கூடும்.

லெதர் என்ற பெயரிலும் ஏமாற்று உண்டு. தோலின் மேல் அடுக்குதான் வலு. அதைச் சீவிய பிறகு கிடைக்கும் அடி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசினால் பார்வைக்கு அதைவிட அழகாக இருக்கும். வாசனையை நம்பாதீர்கள், அதையும் தெளித்துத் தரலாம். மணிக்கட்டு ஓரத்தில் வெட்டு முனை தெரியும் இடத்தைப் பாருங்கள். மேலே தனிப் படலம் ஒட்டியிருந்தால் நகத்துக்கே தட்டுப்படும். உள்ளங்கையில் இரட்டைத் தையல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கீழே விழுந்தால் தோலுக்கு முன்னால் பிரிவது தையல்தான்.

அளவு எடுக்க, கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி டேப் பிடியுங்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனிக்கு எல் ஆகலாம், எழுத்தை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். மாட்டிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்ப்பதே சரி. கிளட்சைப் பிடிக்கும்போது உள்ளங்கையில் தோல் சுருண்டு மடிந்தால் பெரிது. விரல் நுனி தையலில் முட்டினால் சிறிது. “போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்” என்பது பாதி உண்மை. அகலத்தில் கொஞ்சம் தளரும், விரல் நீளத்தில் வளராது. இண்டிகேட்டர், ஹார்ன் பட்டன்களைக் கண்ணால் பார்க்காமல் அழுத்த முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இனி மழைக்காலம். நனைந்த கிளவுஸைச் சூடான சைலன்சர் மேல் வைத்துக் காயவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஈரத் தோல் சூட்டில் சுருங்கும், உள்ளிருக்கும் எண்ணெய்ப் பசை போய் விறைத்து வெடிக்கும். வெடித்த தோல் உராய்வைத் தாங்காது. மொட்டை வெயிலும் ஹேர் டிரையரும் அதே கேடுதான். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, காகிதம் ஈரமானதும் மாற்றி, ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு டிக்கியில் பூட்டினால் பூசணம் பூத்துவிடும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதீர்கள், சிக்குப்பிடித்து நாறும், கைப்பிடி வழுக்கும். லெதர் கண்டிஷனர் மாதத்துக்கு ஒருமுறை துணியில் தொட்டுத் தடவினால் தாராளம்.

யாரும் கவனிக்காத ஒன்று, வெல்க்ரோ. கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைந்து மெல்ல மெல்லப் பிடி விட்டுப்போகும். பழைய டூத் பிரஷ்ஷால் வாரி எடுத்துவிட்டு, அந்த இழுவைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கிளவுஸ் போட்ட இடம் மட்டும் சிவந்து அரித்தால் வியர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். குரோமியத்தில் பதனிட்ட தோலில், பதனிடுவதில் கோளாறு இருந்தால், குரோமியம் 6 என்ற வடிவம் உருவாகலாம். அது தோல் ஒவ்வாமையைத் தூண்டும். தோலை ஒட்டும் லெதர் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் தடுத்துவிட்டது. அரிப்பு வந்தால் அந்த ஜோடியை ஓரங்கட்டிவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள், போகும்போது கிளவுஸையும் எடுத்துப்போங்கள்.

ஒருமுறை விழுந்து தேய்ந்த ஜோடியைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டு மறுபடி மாட்டாதீர்கள். செடி வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.